பழைய யமஹா ஒய்இசட் 125: முதல் மோட்டோகிராஸ் வண்டியாக எடுக்கலாமா?

எடுக்கலாம். தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான பழைய வண்டியைச் சொல்வது கடினம். ஆனால் வருடத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். வைத்திருந்தவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதைப் பார்த்து எடுங்கள். இந்த மாடலுக்கு 2005-ல் அலுமினிய சேஸி வந்தது. 2006-ல் கயாபா நிறுவனத்தின் எஸ்எஸ்எஸ் ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) வந்தது. 2015-ல் பிளாஸ்டிக் பாகங்களின் உருவம் மாறியது. எஞ்சினைப் புதிதாக வடிவமைத்தது 2022-ல்தான். ஆக, 2006 முதல் 2021 வரையிலான வண்டிகள் அடிப்படையில் ஒரே வண்டி, பிஸ்டன்கூட ஒன்றுதான். ஒழுங்காகப் பராமரித்த 2008 வண்டி, ஏர் ஃபில்டரைக் கழுவாமல் ஓட்டிய 2018 வண்டியைவிட எல்லா வகையிலும் மேல். பளபளக்கும் பிளாஸ்டிக்கும் புது ஸ்டிக்கரும் ஒரே மாலையில் மாட்டிவிடக்கூடியவை. அவற்றுக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

முதலில் வண்டியின் குணம். 124 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஆறு கியர், கிக்கர் மட்டும். பெட்ரோலோடு சேர்த்து ஏறத்தாழ 95 கிலோ. கீழே விழுந்தால் ஒருவரே தூக்கி நிறுத்திவிடலாம். தொடங்குபவர் அடிக்கடி செய்யப்போகும் வேலை அதுதான். எஞ்சின் மெல்லச் சுற்றும்போது இழுவை குறைவு. நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றைத் தாண்டினால் வண்டி வேறு ஆளாக மாறும். அந்த வேகத்தில் எஞ்சினை வைத்திருக்க கிளட்சும் கியரும் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். இதைப் பலர் குறையாகச் சொல்வார்கள், நாங்கள் நிறையாகவே பார்க்கிறோம். வளைவில் வேகத்தை இழந்தால் ஆக்சிலேட்டரைத் திருகி ஈடுகட்ட முடியாது என்பதால், சரியான பாதையும் சரியான கியரும் தானாகவே பழக்கமாகிவிடும். எஸ்எஸ்எஸ் ஃபோர்க்கைப் பற்றித் தயக்கமே இல்லை: 300 மி.மீ. வரை அழுந்தும் ஓட்டம், மேடுபள்ளத்தில் கை வலிக்காத மென்மை, பெரிய தாவலிலும் அடிவரை இடிக்காத உறுதி. இத்தனை வருடம் கழித்தும் அதைப் புகழாதவர் குறைவு.

எடை 85 கிலோவுக்கு மேல் என்றால் யோசியுங்கள். ஸ்பிரிங் மாற்ற வேண்டிவரும், எஞ்சினும் திணறும். அப்போது 250 ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் மனம் போகும். ஓட்ட அது எளிது, உண்மைதான். ஆனால் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியாத பழைய பந்தய ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒரு வால்வு உடைந்து விழுந்தால் ஹெட், பிஸ்டன், சிலிண்டர், சில சமயம் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) எல்லாம் சேர்ந்து போகும். 125-ல் பிஸ்டன், ரிங், பின், கேஸ்கெட் மாற்றுவது வீட்டுக் கருவிகளோடு ஓர் அரைநாள் வேலை.

பார்க்கப் போகும் முன் விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: எஞ்சின் குளிர்ந்தே இருக்க வேண்டும். போனதும் சிலிண்டரில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் தொல்லையை மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல வண்டி சோக்கை இழுத்து நான்கைந்து உதைக்குள் கிளம்பும்.

ஆனால் உதைப்பதற்கு முன்பே சீட்டைக் கழற்றி ஏர் ஃபில்டரைப் பாருங்கள். மொத்தச் சோதனையில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்ச் எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்து உதிர்ந்தாலோ, தையல் விட்டிருந்தாலோ தூசி உள்ளே போயிருக்கிறது. ஃபில்டரை எடுத்தபின், கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தைச் சுத்தமான விரலால் தடவுங்கள். விரலில் மண் நெருநெருத்தால், அந்த மண் பிஸ்டனையும் சிலிண்டர் பூச்சையும் கிராங்க் பேரிங்கையும் ஏற்கெனவே உரசிக்கொண்டிருக்கிறது. விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்து சைலன்சர் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றிரண்டு போல்ட்டும்தான், மறுப்பவரிடம் காரணம் இருக்கும். எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்து, கிக்கரை மெல்லக் கையால் நகர்த்தினால் பிஸ்டனின் முன்பக்கம் தெரியும். மெல்லிய மங்கல் பரவாயில்லை. நகம் மாட்டும் அளவுக்கு நெடுங்கீறல்கள் இருந்தால் ஒருமுறை சீஸ் ஆகியிருக்கிறது, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நின்றிருக்கிறது. சிலிண்டருக்கு மறுபூச்சு தேவைப்படலாம். அதே துளையில், எஞ்சின் வேகத்துக்கேற்ப எக்ஸாஸ்ட் துளையின் அளவை மாற்றும் பவர் வால்வும் தெரியும். கரி அப்பி அசையாமல் இருந்தால் நடு வேகத்தில் வண்டி சோம்பும். சுத்தம் செய்தால் போகும் குறை அது, பேரம் பேச மட்டும் போதும்.

கம்ப்ரெஷன் மீட்டர் இருந்தால் கொண்டுபோங்கள். ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து, முள் நிற்கும்வரை உதைக்க வேண்டும். மீட்டருக்கு மீட்டர், ஊரின் உயரத்துக்கு உயரம் எண் மாறும் என்பதால் ஓரிரு புள்ளிகளுக்குச் சண்டை போடாதீர்கள். 130 பி.எஸ்.ஐ.க்குக் கீழே என்றால் பிஸ்டன் செலவை விலையில் கழித்துவிடுங்கள்.

கிராங்க் சீல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொல்பவற்றில் இதுவும் ஒன்று. கிராங்க் அறையின் இரு பக்கமும் ஒவ்வொரு சீல் உண்டு. இடப்பக்கம், அதாவது மேக்னெட் பக்கம், கசிந்தால் வெளிக்காற்று உள்ளே வரும், கலவையில் பெட்ரோல் குறையும், பிஸ்டன் உருகும். இதன் அறிகுறி, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் சுற்று இறங்காமல் தொங்குவது. வலப்பக்கம், கிளட்ச் பக்கம் கசிந்தால் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சும். வெள்ளைப் புகை நிற்காது, பிளக் நனைந்து போகும், கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். குளிர்ந்த எஞ்சின் முதல் நிமிடம் விடும் புகையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சந்தேகம் இருந்தால், இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து 6 பி.எஸ்.ஐ. காற்றேற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் எங்கோ ஓட்டை.

கிராங்க் பேரிங்குக்கு மேக்னெட் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் மேக்னெட் சக்கரத்தை மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது. பிறகு சக்கரத்தை முன்னும் பின்னும் சிறிதளவு திருப்பினால், கனெக்டிங் ராடு தேய்ந்த எஞ்சினில் 'டக்' என்ற தட்டல் கையில் தெரியும். கிராங்க் வேலை என்றால் எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும். தொடங்குபவர் வாங்கக் கூடாத எஞ்சின் கோளாறு இது. கியர் ஆயில் பால் கலந்த காப்பி போல இருந்தால் வாட்டர் பம்ப் சீல் போயிருக்கிறது. அது சின்ன வேலை. எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் பக்கம் கசிவு.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். பின் டயரைப் பிடித்து மேலே தூக்கினால் 'லொடக்' என்று ஆட்டம் தெரிகிறதா? பின் ஷாக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்கேஜின் பேரிங்குகள் கிரீஸ் பார்க்காமல் துருப்பிடித்திருக்கும். ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் ஸ்டியரிங் பேரிங் முடிந்தது. ஃபோர்க் சீல் கசிவு சாதாரணம், ஆனால் ஃபோர்க் குழாயில் நகம் மாட்டும் கீறல் இருந்தால் புது சீலும் நிற்காது. சேஸியில் ஃபுட்பெக் பொருத்தும் இடம், ஸ்டியரிங் தலை, லிங்கேஜ் காது மூன்றையும் துணியால் துடைத்துவிட்டு வெல்டிங் ஓரம் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் அராவாமல் இருக்க வேண்டும், காகிதங்களோடு பொருந்த வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாம் கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். கியர் வெளியே துள்ளினால் அதுவும் எஞ்சினைப் பிரிக்கும் வேலைதான்.

கடைசியாக ஒரு கேள்வி: "பிஸ்டன் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், எந்த கம்பெனி போட்டீர்கள், ரிங் இடைவெளி எவ்வளவு வைத்தீர்கள்?" தானே மாற்றியவர் யோசிக்காமல் பதில் சொல்வார், பழைய பிஸ்டனை எடுத்துக் காட்டுபவரும் உண்டு. "இப்பதான் எல்லாம் பண்ணினேன்" என்று மட்டும் சொன்னால், எதுவுமே பண்ணவில்லை என்று வைத்து விலை பேசுங்கள்.

வாங்கிய பின் உடனே தடத்துக்குப் போகாதீர்கள். பிஸ்டன் கணக்கு உறுதியாகத் தெரியாவிட்டால் புதிது போடுங்கள். அதன்பின் நிதானமாக ஓட்டுபவருக்கு 20 முதல் 30 மணி நேரத்துக்கு ஒரு பிஸ்டன் என்பது பாதுகாப்பான கணக்கு. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் ரீட் வால்வு இதழ்களின் நுனி உடைந்திருக்கிறதா பாருங்கள். பெட்ரோலில் ஆயில் கலப்பு 30-க்கு 1, அதாவது 5 லிட்டருக்கு 167 மில்லி. புகைக்குப் பயந்து ஆயிலைக் குறைப்பது எஞ்சினுக்குக் கேடு. கியர் ஆயிலை ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கிளட்சை அதிகம் வழுக்க விடுபவர் அதற்கும் முன்பே மாற்றலாம்.

பின் ஷாக்கின் தொய்வை அளக்காமல் வண்டியைக் குறை சொல்பவர்கள் ஏராளம். பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஆக்சிலிலிருந்து மட்கார்டில் குறித்த ஒரு புள்ளிவரை அளந்துகொள்ளுங்கள். பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டு வண்டிமேல் ஏறி நிற்கும்போது மறுபடி அளங்கள். வித்தியாசம் 100 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். ஷாக் ஸ்பிரிங்கின் வளையத்தைத் திருப்பி அதைக் கொண்டுவரலாம். டயர் காற்று 12 முதல் 14 பி.எஸ்.ஐ. செயின் தளர்வு சுமார் 50 மி.மீ.; சாலை வண்டிக் கண்ணுக்கு இது மிகத் தொங்கலாகத் தெரியும், ஆனால் பின் சக்கரம் மேலேறும்போது செயின் இறுகும் என்பதால் குறைத்தால் பேரிங்தான் போகும்.

உடைகளில் பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஜெர்சியில் பிடியுங்கள். ஹெல்மெட்டும் மோட்டோகிராஸ் பூட்ஸும் புதிதாகவே இருக்கட்டும். விழுந்த ஹெல்மெட்டா இல்லையா என்பது பார்த்தால் தெரியாது. முழங்கால் காப்பு, மார்புக் கவசம், கண்ணாடி, கையுறை இல்லாமல் தடத்தில் இறங்கவே கூடாது.

முதல் நாளில் கொடிகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து: வேகம் குறை, தாவாதே, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. நீலம் என்றால் வேகமானவர் பின்னால் வருகிறார். அவருக்கு வழிவிட உங்கள் பாதையிலிருந்து விலகிப் பாய வேண்டாம். எப்போதும் போகும் கோட்டிலேயே நேராகப் போங்கள், அவரே சுற்றிப் போய்விடுவார். திடீரென்று குறுக்கே வருபவரால்தான் மோதல் நடக்கிறது. தாவல் மேட்டின் இறங்கு பக்கத்தில் எக்காரணத்தைக் கொண்டும் நிற்காதீர்கள், மேலே வருபவருக்கு உங்களைத் தெரியாது. விழுந்தால் முதலில் பின்னால் பாருங்கள், பிறகு வண்டி.

முதல் சுற்றுகளில் எல்லா மேடுகளையும் உருட்டியே கடக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தாவ ஆரம்பித்ததும் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: மேட்டின் நுனிவரை ஆக்சிலேட்டர் சீராக இருக்க வேண்டும். பயந்து நுனியில் மூடினால் முன் சக்கரம் கீழே கவிழும். முழங்காலால் டேங்கைப் பிடியுங்கள். கையால் தொங்கினால் பத்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும்.

மாலையில் முன் பின் சக்கர ஸ்போக்குகளைத் தட்டிப் பார்த்துத் தளர்ந்ததை முறுக்குங்கள், புதிதாகக் கட்டிய சக்கரம் முதல் நாளிலேயே தளரும். ஃபில்டரைக் கழுவி எண்ணெய் போடுங்கள். அடுத்த ஓட்டம் இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளும் என்றால், பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடிப்போல்ட்டைத் திறந்து மிச்சக் கலவையை வடித்துவிடுங்கள்.