கோயில் மேளத்தைப் பதிவு செய்ய ஒரு சின்ன ரெக்கார்டர்: ஜூம் எச்1என் நீண்டகால அனுபவம்

"கையில் மொபைல் இருக்கும்போது தனியாக ரெக்கார்டர் எதற்கு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மொபைலின் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. சத்தம் கூடினால் தானாகக் குறைத்துக்கொள்ளும், குறைந்தால் தானாக ஏற்றிக்கொள்ளும். தவில்காரர் ஒரு தீர்மானத்தை (முடிவாக வாசிக்கும் அடியை) ஓங்கி வைத்து முடித்ததும் நாயனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கிப்போய், பிறகு மெல்ல மேலே ஏறும். சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டை மல்லாரியை அப்படிக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஏற்ற இறக்கம்தான் அந்த இசையின் உயிர். மொபைல் முதலில் தட்டிச் சமமாக்குவது அதைத்தான்.

நான் தேடியபோது பத்தாயிரம் ரூபாயை ஒட்டி இரண்டு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று 2018இல் வந்த ஜூம் எச்1என், இன்னொன்று அதற்கு அடுத்த வருடம் வந்த டாஸ்கம் டிஆர்-05எக்ஸ். ஜூமில் இரண்டு மைக்குகள் ஒன்றுக்கொன்று 90 பாகையில் குறுக்காக நிற்கும். முன்னால் இருப்பதை அதிகமாகவும் பின்னால் இருப்பதைக் குறைவாகவும் எடுக்கும். டாஸ்கமின் மைக்குகளுக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். வீட்டுக் கூடத்தில் நாலு பேர் அமைதியாக உட்கார்ந்து கேட்கும் கச்சேரிக்கு அது அழகாக இருக்கும். கோயில் பிராகாரத்தில் வாசிக்கிறவர்களுக்குப் பின்னால் குழந்தை அழும், தேங்காய் உடையும், ஒலிபெருக்கியில் அன்னதான அறிவிப்பு வரும். அதனால் நான் ஜூம் பக்கம் போனேன். சில வருடங்களாக அதுதான் கையில்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது ஒலியளவுக்கென்று முகப்பில் இருக்கும் சக்கரம். 0 முதல் 10 வரை எண் போட்டிருக்கும். திரையைத் தடவி மெனுவுக்குள் போக வேண்டியதில்லை, கட்டை விரலால் திருப்பினால் போதும். ஆட்டோ லெவல் என்று ஒரு பட்டன் உண்டு. இசைக்கு அதைத் தொடவே கூடாது, மொபைலின் வியாதி அங்கேயும் வந்துவிடும். மேளத்துக்கு நான் சக்கரத்தை இரண்டு மூன்றிலேயே வைப்பேன். மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வந்தால் சரி. கேட்டுப் பார்த்தால் சன்னமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். 24 பிட் என்ற உயர்தர அமைப்பில் பதிவு செய்தால் வீட்டில் அடாசிட்டி என்ற கணினி மென்பொருளில் ஒலியளவை ஏற்றிக்கொள்ளலாம். உச்சத்தில் வெட்டுப்பட்டுச் சிதைந்துபோன சத்தத்தைத்தான் யாராலும் மீட்க முடியாது.

இடம் பார்த்து நிற்பது ஒலியளவை விட முக்கியம் என்பேன். தவிலின் வலது முகமான வலந்தலையில், கூடு என்ற கெட்டி உறை மாட்டிய விரல்கள் விழும் சத்தம் கூர்மையானது. அதற்கு நேர் எதிரே நின்றால் பதிவு முழுக்கத் தவில்தான் இருக்கும், நாயனம் எங்கோ தூரத்தில் கேட்கும். குச்சியால் அடிக்கும் இடது முகமான தொப்பியின் பக்கம் ஓரடி நகர்ந்து, மைக்கை நாயனக்காரரின் நெஞ்சு உயரத்தில் பிடித்தால் கூர்மை தணிந்து குச்சியின் கும்கும் சேரும். ஏழெட்டு அடி தள்ளி நிற்பது நல்லது. இந்த மைக்குகள் தாங்குவது 120 டெசிபல் வரைதான். நாயனத்தின் விரிந்த வாயான அணசுக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டினால் சக்கரத்தை எவ்வளவு குறைத்தாலும் மைக்கே திணறும்.

உடல் முழுக்கப் பிளாஸ்டிக். எடை இல்லாததால் சட்டைப் பையில் கிடக்கும், ஆனால் கையில் பிடித்தால் விரல் உராய்வதெல்லாம் பதிவில் ஏறும். முதுகில் கேமரா ஸ்டாண்டுக்கான மரை இருக்கிறது. ஒரு குட்டி முக்காலியைத் திருகி அதன் காலைப் பிடித்துக்கொண்டால் தொல்லை பாதி தீரும். காற்றுக்கு ஸ்பாஞ்ச் மூடி கல்யாண மண்டப மின்விசிறிவரை தாங்கும். ஆடி மாதக் காற்றில் வீதியுலா என்றால் ரோமம் வைத்த மூடி வேண்டும், கூடவே தாழ்ந்த இரைச்சலைக் குறைக்கும் லோ கட் பட்டனையும் அழுத்த வேண்டும். மூடி, மெமரி கார்டு, யுஎஸ்பி கேபிள் எதுவும் பெட்டியில் வராது. விலையைப் பார்க்கும்போதே அதற்கும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஒதுக்கிவிடுங்கள்.

கச்சேரி விஷயம் வேறு. பல சபாக்களில் பதிவுக்கு அனுமதி இல்லை, கேட்காமல் எடுப்பதும் மரியாதை இல்லை. அனுமதி கிடைத்த சின்னக் கச்சேரிகளில் கவனித்தது இது: அதிக சத்தம் மிருதங்கத்தினுடையது அல்ல, தனி ஆவர்த்தனம் முடிந்ததும் பக்கத்து இருக்கையில் விழும் கைதட்டு. ஒலியளவை அதற்குத் தகுந்த மாதிரி வைக்க வேண்டும். தொடையில் தாளம் போடும் ரசிகர் பக்கத்தில் அமர்ந்தால் இடம் மாறுவது ஒன்றே வழி. வீணைக்கு இந்த ரெக்கார்டரைச் சிபாரிசு செய்யமாட்டேன். சக்கரத்தை எட்டுக்கு மேலே ஏற்ற வேண்டிவரும், அப்போது உள்ளேயிருந்து ஒரு 'ஸ்ஸ்' இரைச்சல் மெல்லக் கேட்கும். மூன்றடிக்குள் வைக்க முடிந்தால் சமாளிக்கலாம்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் சுமார் 1 ஜிபி. இது ஏற்கும் அதிகபட்ச கார்டு 32 ஜிபி. ஒரு திருவிழாவுக்கு அது தாராளம். கோப்பு 2 ஜிபியைத் தாண்டினால் தானாக அடுத்த கோப்பு தொடங்கும். நடுவில் ஸ்வரம் எதுவும் விட்டுப்போவதில்லை, எடிட் செய்யும்போது ஒட்டிக்கொள்ளலாம். இரண்டு சின்ன ஏஏஏ பேட்டரிகளுக்குப் பத்து மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் அமைப்பில் அந்த வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் திரையில் காட்டும் அளவை நம்ப முடியாது.

வாசித்தவருக்குப் பதிவை அனுப்புவது என் வழக்கம். "தம்பி, அந்தத் தனியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்ல போடுங்க" என்பார்கள். வெட்டி எம்பி3 ஆக்கி, டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அதற்கு மேல் தரம் கெடாது.

இன்று புதிதாக வாங்குகிறவர் 2024இல் வந்த எச்1எசென்ஷியலையும் பார்க்க வேண்டும். மிகச் சன்னமான சத்தத்தையும் மிக ஓங்கிய சத்தத்தையும் ஒன்றாகப் பதியும் 32 பிட் ஃப்ளோட் முறை என்பதால் பதிவுக்கு ஒலியளவு சக்கரமே இல்லை. ஏறிப்போனதையும் பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் மைக்குகளும் 120 டெசிபல்தான், அணசுக்கு முன்னால் நீட்டும் ஆசை அங்கேயும் பலிக்காது. ரெக்கார்டரை முக்காலியில் விட்டுவிட்டு நிம்மதியாகக் கச்சேரி கேட்க நினைப்பவர் அதை வாங்கலாம். கையிலேயே வைத்துக்கொண்டு மீட்டரைக் கவனிப்பவருக்கு எச்1என் நல்ல நிலையில் செகண்ட்ஹேண்டில் கிடைத்தால் போதும். வாங்குமுன் ஹெட்போனை மாட்டி, சக்கரத்தை மெல்லத் திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.