பயிற்சியின் பாதியில் திருப்பி அனுப்பப்பட்டவர் டிஸ்சார்ஜை மாற்ற எந்தக் கதவைத் தட்டுவது?

அமெரிக்கப் படையில் சேர்ந்து, ஃபோர்ட் ஜாக்சனுக்கோ கிரேட் லேக்ஸுக்கோ பயிற்சிக்குப் போன பிள்ளை சில வாரங்களில் பெட்டியோடு வீடு திரும்பினால், கையில் மிஞ்சுவது டிடி-214 என்ற டிஸ்சார்ஜ் (விடுவிப்பு) தாள். 'பணியின் தன்மை' என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'அன்கேரக்டரைஸ்டு' என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இதை 'ஹானரபிள்' (கண்ணியமான விடுவிப்பு) ஆக்க முடியுமா?

முடியும், ஆனால் அரிது. பலருக்கு அந்த மாற்றத்தால் கைக்கு எதுவும் வருவதும் இல்லை. அவர்களை உண்மையில் உறுத்துவது அதே தாளில் வேறு ஒரு கட்டமாக இருக்கும். எந்தக் கட்டம் என்று தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பம் போட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்களுக்காகத்தான் இந்த அலசல்.

முதலில் தாளை முழுதாகப் படியுங்கள். சுருக்கப் பிரதியில் கீழ்ப்பகுதி இருக்காது, அதனால் 'மெம்பர்-4' பிரதிதான் வேண்டும். இல்லையென்றால் எஸ்எஃப்-180 படிவம் போட்டு செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்திடம் கேட்டுப் பெறலாம். 24-ஆம் கட்டம் பணியின் தன்மை. 25 எந்த விதியின் கீழ் விடுவித்தார்கள் என்பது. 26 பிரிவுக் குறியீடு: ஜேஜிஏ என்றால் ஆரம்பநிலைச் செயல்பாடும் நடத்தையும், ஜேஎஃப்டபிள்யூ என்றால் சேர்க்கைக்கான மருத்துவத் தகுதி இல்லை என்பது. 27 மறுசேர்க்கைக் குறியீடு, அதாவது ஆர்இ-1 முதல் ஆர்இ-4 வரை. 28 காரணம், வார்த்தைகளில். 24-ஐ மட்டும் பார்த்துக் கலங்குகிறவர்கள் 27-ஐயும் 28-ஐயும் பார்க்கத் தவறுகிறார்கள். வேலைக்கு எடுப்பவரின் கண்ணில் படுவது 28. திரும்பப் படையில் சேர நினைத்தால் வழியில் நிற்பது 27.

'அன்கேரக்டரைஸ்டு' கெட்ட டிஸ்சார்ஜ் அல்ல. பணியை எடைபோடும் அளவுக்குக் காலம் போகவில்லை என்பதே அதன் பொருள். வெகுகாலம் முதல் 180 நாள்தான் இந்த ஆரம்பநிலைக் காலமாக இருந்தது. அந்த வரம்பு பின்னர் மாறியிருப்பதால், நீங்கள் பிரிந்த தேதியில் எந்த விதி அமலில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பநிலையில் இருப்பவருக்கு 'ஹானரபிள்' தர வேண்டுமானால், நடத்தையிலோ கடமையிலோ வழக்கத்துக்கு மாறான சிறப்பு இருந்தது என்று படைத்துறைச் செயலர் மட்டத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். 'நான் ஒழுங்காகத்தான் இருந்தேன்' என்று வாதாடி இதை வெல்வது கடினம். ஆறு மாதம் ஆனால் தானாக மாறிவிடும் என்று பலர் சொல்வதும் சுத்தப் பொய். எதுவும் தானாக மாறாது.

இரண்டு வாரியங்கள்

முதல் வழி, டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியம். டிடி-293 படிவம். விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் போட வேண்டும். குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு இரண்டே கேள்விகளைப் பார்க்கும்: விதிப்படி நடந்ததா, நியாயமாக நடந்ததா. இந்த வாரியத்தின் பெரிய பலம், நேரில் பேசும் உரிமை. முதலில் ஆவணங்களை மட்டும் வைத்து முடிவு கேட்கலாம். அது பலிக்காவிட்டால், காலக்கெடுவுக்குள் நேர்முக விசாரணை கேட்கலாம். எடுத்தவுடனே நேர்முகம் கேட்டுவிட்டால் ஆவண மறுஆய்வு என்ற வாய்ப்பு போய்விடும். அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இதன் கை எட்டுவது முக்கியமாக 24-ஆம் கட்டத்துக்கும் 28-ஆம் கட்டத்துக்கும்தான். மருத்துவ ஊனத்தால் விடுவித்ததாகத் தாளை மாற்ற இதனால் முடியாது. கடற்படை, மரைன் ஆகியோருக்கான மறுஆய்வு வாரியத்துக்கு மறுசேர்க்கைக் குறியீட்டை மாற்றும் அதிகாரமும் கிடையாது. பயிற்சியிலிருந்து திரும்பியவர்களில் பெரும்பாலானோருக்கு வேண்டியது ஊன விடுவிப்பு, மறுசேர்க்கைக் குறியீடு என்ற இந்த இரண்டில் ஒன்றுதான்.

இரண்டாவது வழி, ஆவணத் திருத்த வாரியம். படிவம் டிடி-149. தரைப்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம், கடற்படைக்கும் மரைனுக்கும் சேர்த்து ஒன்று. உட்காருபவர்கள் சிவிலியன்கள். பிழையையோ அநீதியையோ கண்டறிந்த 3 ஆண்டுக்குள் போட வேண்டும் என்பது சட்டம். நீதியின் நலன் கருதி அந்தக் கெடுவைத் தளர்த்தவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. தாமதமானால், ஏன் தாமதம் என்று தனிப் பத்தியில் எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள்.

கிட்டத்தட்ட எந்தக் கட்டத்தையும் இந்த வாரியத்தால் மாற்ற முடியும்: காரணம், குறியீடு, ஊன விடுவிப்பு, எல்லாமே. குறை என்னவென்றால் நேர்முக விசாரணை இதில் உரிமை கிடையாது, கிடைப்பதும் அபூர்வம். எல்லாமே தாளில்தான் நடக்கும். மருத்துவ விஷயமானால் வாரியம் ஒரு மருத்துவரின் ஆலோசனைக் கருத்தைக் கேட்டு வாங்கி உங்களுக்கும் அனுப்பும். அது பெரும்பாலும் விண்ணப்பத்துக்கு எதிராகவே இருக்கும், பதில் சொல்லத் தரும் அவகாசமும் குறைவு. அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் மனம் விட்டு, பதிலே போடாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. வழக்கு அங்கேயே தோற்றுவிடுகிறது. பத்தில் ஒன்பது விண்ணப்பங்களை 10 மாதத்துக்குள்ளும், எல்லாவற்றையும் 18 மாதத்துக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குறைந்தது ஒரு வருடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டில் எது என்று கேட்டால், பயிற்சியில் அடிபட்டு 'முன்பே இருந்த கோளாறு' என்று எழுதி அனுப்பப்பட்டவருக்குத் திருத்த வாரியம்தான். ஒரு சிக்கல் உண்டு. மறுஆய்வு வாரியம் தீர்க்கக்கூடிய கோரிக்கையானால், 15 ஆண்டுக்குள் இருப்பவர் முதலில் அங்கே போய் வரச் சொல்லித் திருத்த வாரியம் திருப்பி அனுப்பிவிடும். எனவே மறுஆய்வு வாரியத்தால் தீர்க்க முடியாத கோரிக்கை எது என்பதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடிபட்டவரின் கோப்பு எப்படி இருக்கும்

ஒரு உதாரணம். சேர்க்கை மையத்தில் செய்த உடல் பரிசோதனையின் படிவம் டிடி-2808. அதில் கால், பாதம், இடுப்பு எல்லாம் 'நார்மல்'. ஐந்தாவது வாரம் கீழ்க்கால் எலும்பில், அதாவது முழங்காலுக்குக் கீழே, வலி. 'சிக் கால்' என்ற முகாம் மருத்துவச் சோதனைக்குப் போனால் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். இரண்டு வாரம் சுமையோடு நடந்த பிறகு எடுத்த ஸ்கேனில் எலும்பில் அழுத்த முறிவு. அடுத்து சேர்க்கைத் தகுதி மருத்துவக் குழு கூடி, தரைப்படையானால் டிஏ-4707 என்ற படிவத்தில் 'பணிக்கு முன்பே இருந்தது' என்று எழுதுகிறது. அதில் ஒரு இடத்தில் பயிற்சியாளர் தன் தெரிவைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். ஊருக்குப் போனால் போதும் என்ற நிலையில் 19 வயதுப் பிள்ளை 'ஒப்புக்கொள்கிறேன், விடுவியுங்கள்' என்று குறித்துவிடுகிறது. பின்னாளில் வாரியம் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தக் கையெழுத்தைத்தான்.

அதை உடைக்க டிடி-2808-இன் 'நார்மல்', சிக் கால் சீட்டுகளின் தேதி வரிசை, வெளி எலும்பு மருத்துவர் காரணத்தோடு எழுதிய கடிதம் ஆகிய மூன்றும் வேண்டும். கூடவே ஓடிய பிளட்டூன் நண்பர் ஒருவரின் வாக்குமூலம் இருந்தால் இன்னும் நல்லது. குணச் சான்றிதழ்கள் பத்து வைப்பதைவிட அந்த மருத்துவர் கடிதம் ஒன்று பெரிது.

தாளை மாற்றாமலே ஒரு வழி

பலருக்கும் தெரியாத வழி இதுதான், பலருக்கு மிக முக்கியமானதும் இதுதான். முன்னாள் படைவீரர் துறையின் விதிப்படி, ஆரம்பநிலையில் கொடுத்த 'அன்கேரக்டரைஸ்டு' விடுவிப்பு இழிவான விடுவிப்பாகக் கருதப்படாது. பணியில் வந்த காயத்துக்கு ஊன இழப்பீடு கேட்க டிஸ்சார்ஜை உயர்த்தும் அப்கிரேட் தேவையே இல்லை, குறைந்தபட்சப் பணிக்காலமும் தேவையில்லை.

அதைவிட முக்கியம், அந்தத் துறை படையின் முடிவுக்குக் கட்டுப்பட்டதல்ல. சேர்க்கைப் பரிசோதனையில் குறிக்கப்படாத கோளாறு என்றால், உடல் நலமாகவே சேர்ந்தார் என்றுதான் சட்டம் தொடங்குகிறது. அதை மறுக்க, கோளாறு முன்பே இருந்தது, பணியால் மோசமாகவும் இல்லை என்ற இரண்டையும் ஐயத்துக்கு இடமில்லாமல் துறைதான் காட்ட வேண்டும். வாரியத்தில் நிரூபிக்கும் சுமை உங்கள் தோளில். இங்கே அது அவர்கள் தோளில். விடுவிக்கப்பட்ட ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால், அனுமதியாகும் இழப்பீடு விடுவிப்புக்கு மறுநாளிலிருந்தே கணக்காகும். வாரியத்தின் முடிவு வரட்டும் என்று காத்திருந்து அந்த வருடத்தைத் தவறவிடுவது பெரிய நஷ்டம்.

கல்விச் சலுகை வேறு கதை. 9/11-க்குப் பிந்தைய ஜிஐ பில் என்ற கல்வி உதவித் திட்டத்துக்கு 'ஹானரபிள்' கட்டாயம், அதோடு குறைந்தது 90 நாள் பணியும் வேண்டும். 24 மாதத்துக்குக் குறைவாக இருந்தவருக்கு ஆரம்பப் பயிற்சி நாள்கள் அந்தக் கணக்கில் சேராது. ஆக, பயிற்சியிலேயே திரும்பியவர் 24-ஆம் கட்டத்தை மட்டும் 'ஹானரபிள்' ஆக்கினாலும் கல்லூரிப் பணம் வராது. பணியால் வந்த ஊனத்தால் கண்ணியமாக விடுவிக்கப்பட்டவர் என்றால் தொடர்ந்து 30 நாள் இருந்திருந்தால் போதும். அப்படித் தாளை மாற்றக்கூடியது திருத்த வாரியம் ஒன்றுதான்.

திரும்பச் சேர விரும்புகிறவருக்கு

ஆர்இ-3 இருந்தால் வாரியம் பக்கமே போக வேண்டாம். ரிக்ரூட்டர் (ஆள்சேர்ப்பு அதிகாரி) வழியாக விலக்கு கேட்கலாம். தாளில் ஒரு எழுத்தும் மாறாது, ஆனால் உள்ளே போகலாம். ஒரு படை மறுத்தால் இன்னொரு படையில் கேட்கலாம். ஆர்இ-4 என்றால் நேராகத் திருத்த வாரியம்.

மனநலமும் மற்றவையும்

மனநலக் காரணம் காட்டி அனுப்பப்பட்டவர்களுக்கும், பயிற்சியில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் பாதுகாப்புத் துறையின் 2017 ஆகஸ்ட் 25 தேதியிட்ட 'குர்டா' சுற்றறிக்கைதான் பெரிய துணை. ஒரு நிலையோ அனுபவமோ இருந்ததா, அது பணியின்போது இருந்ததா, நடத்தைக்கு அது விளக்கமாகிறதா, டிஸ்சார்ஜை விட அதன் எடை பெரிதா என்ற நான்கு கேள்விகளையும் வாரியங்கள் தாராள மனதோடு பார்க்க வேண்டும் என்கிறது அது. காரணத்தையும் மறுசேர்க்கைக் குறியீட்டையும் மாற்றக் கேட்பவர்களுக்கும் இது பொருந்தும். இவர்களுக்கு மறுஆய்வு வாரியமே நல்ல முதல் படி. நேரில் பேசும்போது தாளில் வராதது வரும். விண்ணப்பத்தில் அந்த நான்கு கேள்விகளையே தலைப்பாக வைத்துப் பதில் எழுதுங்கள்.

28-இல் 'மோசடிச் சேர்க்கை' என்று இருப்பவர்கள் நிலை கடினம். சிறுவயது ஆஸ்துமாவைச் சொல்லாதே என்று ரிக்ரூட்டர் சொன்னதாக வாயால் சொன்னால் யாரும் ஏற்பதில்லை. அப்போதைய குறுஞ்செய்திகள் இருந்தால் அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

பச்சை அட்டையோடு சேர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தனியே ஒரு எச்சரிக்கை. படைப்பணி வழியாகக் குடியுரிமை கேட்க, கண்ணியமான நிலையில் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது சட்டம். மற்றவர்களுக்குப் பெரிதாக உதவாத 24-ஆம் கட்டம் இவர்களுக்கு உயிர்நாடி. குடியுரிமை மனு போடும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

2019 டிசம்பர் 20 அன்றோ அதற்குப் பிறகோ விடுவிக்கப்பட்டவர்களுக்கு, இரண்டு வாரியங்களிலும் தோற்ற பின் டிஸ்சார்ஜ் மேல்முறையீட்டு மறுஆய்வு வாரியம் என்று மூன்றாவது படியும் இருக்கிறது. 24-ஆம் கட்டத்துக்கு மட்டும்தான் அது. முன்பு கொடுத்த கோப்பையே வைத்துப் பார்ப்பார்கள், புது ஆதாரம் எடுபடாது. அதனால் அந்த மருத்துவர் கடிதமும் நண்பரின் வாக்குமூலமும் முதல் விண்ணப்பத்திலேயே உள்ளே இருக்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்கும் முன் அமெரிக்கன் லீஜியன், டிஏவி போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளையோ பக்கத்துச் சட்டக் கல்லூரியின் இலவச உதவி மையத்தையோ கேட்டுப் பாருங்கள்.