கார் இல்லாமல் அயர்லாந்து: ஒரு டப்ளின்வாசியின் ரயில், பஸ் அனுபவம்

டப்ளினுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து எனக்கு கார் கிடையாது. இங்கே குடியேறியவர்கள் இந்திய லைசென்ஸை மாற்றிக்கொள்ள முடியாது. லேர்னர் பெர்மிட் எடுத்து முதலிலிருந்து வர வேண்டும். டெஸ்ட்டுக்குக் காத்திருக்கும் காலத்தையும், புதிதாக ஓட்டுபவர்களிடம் கேட்கும் இன்ஷூரன்ஸ் தொகையையும் பார்த்ததும் அந்த யோசனையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலும் சரி, நண்பர்கள் குடும்பத்தோடு வந்தாலும் சரி, நாட்டைச் சுற்றிக் காட்டுவது ரயிலிலும் பஸ்ஸிலும்தான். சில வருடங்களாக இப்படித்தான் ஓடுகிறது.

"கார் இல்லாமல் அயர்லாந்து முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முடியும், ஆனால் ஊர்களைப் பார்க்கும் வரிசை மாறும். சுற்றுலா வரைபடங்கள் கடற்கரையோரமாக நாட்டை ஒரு வட்டம் சுற்றச் சொல்லும். அது கார்காரர்களுக்கான கணக்கு. ரயில் பாதைகளோ பெரும்பாலும் டப்ளினில் கிளம்பி நாலா பக்கமும் பிரிந்து போகின்றன. கார்க், கால்வே, லிமரிக், வாட்டர்ஃபோர்டு எல்லாம் ஹூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து. பெல்ஃபாஸ்ட், ஸ்லைகோ, ராஸ்லேர் எல்லாம் கனலி ஸ்டேஷனிலிருந்து. இரண்டுக்கும் நடுவே லூவாஸ் டிராமின் சிவப்புத் தடம் ஓடுகிறது; கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று பார்க்காமல் ஹோட்டல் போட்டுவிட்டு, காலை 7 மணிக்கு பெட்டியை இழுத்துக்கொண்டு ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

சிக்கல் மேற்குக் கரையில்தான். டப்ளினிலிருந்து கால்வே இரண்டரை மணி நேரம், டப்ளினிலிருந்து கார்க்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் கால்வேயிலிருந்து கார்க்குக்கு நேர் ரயில் கிடையாது. லிமரிக்கில் ஒரு முறை, லிமரிக் ஜங்ஷனில் ஒரு முறை என்று மாறிப் போகலாம். ஏதென்ரிக்கும் எனிஸுக்கும் இடையிலான பாதையை 2010இல் மறுபடி திறந்த பிறகுதான் இந்த வழியே உண்டானது. வண்டிகள் குறைவு, கனமழைக் காலத்தில் எனிஸுக்குத் தெற்கே பாலிகார் பகுதியில் தண்டவாளம் தண்ணீருக்குள் போய்ப் பாதையை மூடிய வரலாறும் உண்டு. அதனால் இந்தத் துண்டுக்கு என் ஓட்டு பஸ்ஸுக்கே. அரசுப் பேருந்து நிறுவனமான பஸ் ஏரானின் 51ஆம் எண் வண்டி ஷானன் விமான நிலையம், லிமரிக் வழியாகச் சாவகாசமாகப் போகும். சிட்டிலிங்க் என்ற தனியார் கோச் கொஞ்சம் விரைவு.

லிமரிக் ஜங்ஷன் பெயரை நம்பி ஏமாற வேண்டாம். அது லிமரிக்கில் இல்லை, டிப்பரரி மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா ஜங்ஷன் என்றதும் விழுப்புரம் மாதிரி ஒன்றை எதிர்பார்த்துவிட்டார். இறங்கிப் பார்த்தால் காற்று, வயல், நாலைந்து பயணிகள். "ஏம்ப்பா, ஒரு டீக்கடை கூடவா இருக்காது?" என்றார். ஸ்டேஷனைத் தாண்டினால் ஊர் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இணைப்பு வண்டி பெரும்பாலும் சற்று நேரத்தில் வந்துவிடும் என்பதால் பாதகமில்லை; சாப்பாட்டை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை நாளில் நான் கண்ட மிகச் சிறந்த வழி 350ஆம் எண் பஸ். கடலோரச் செங்குத்துப் பாறைகளான மோஹர் பாறைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பொதுவாக கால்வேயிலிருந்து போய் கால்வேக்கே திரும்புவார்கள். ஆனால் இந்த வண்டி கின்வாரா, பாலிவான், ஃபனோர், டூலின் வழியாகப் பாறைகளைத் தொட்டு, அப்படியே லஹின்ச் தாண்டி எனிஸ் வரை போகிறது. ஆகவே கால்வே அறையைக் காலி செய்துவிட்டு, பையோடு ஏறி, பாறைகளில் இறங்கிப் பார்த்து, அடுத்த 350இல் எனிஸ் போய், அங்கிருந்து லிமரிக் போய்விடலாம். ஊர் பார்த்ததும் ஆச்சு, ஊர் மாறியதும் ஆச்சு. ஒரு நாள் மிச்சம்.

அந்தப் பாதையே தனிக் காட்சி. பாலிவானைத் தாண்டியதும் ஒரு பக்கம் பரென் மலையின் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் கடல். சாலை இரண்டு வண்டிக்குப் போதாது. எதிரே கேம்பர் வேன் ஒன்று வந்தால் இரண்டு ஓட்டுநர்களும் கண்ணாலேயே பேசி, ஒருவர் பின்வாங்கி, கற்சுவரைக் கண்ணாடி உரசாமல் கடப்பார்கள். தெற்கே போகும்போது வலது பக்க இருக்கை பிடியுங்கள். இரண்டு எச்சரிக்கை மட்டும்: பெரிய சூட்கேஸோடு பாறை மேல் நடக்க முடியாது, முதுகுப்பைதான் சரி. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்குவதற்கு முன்பே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வண்டிகள் குறையும், டிசம்பரில் 4 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும்.

ரயில் டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டி எடுத்தால் விலை கணிசமாகக் குறையும். எடுத்தவரின் பெயர் இருக்கைக்கு மேலே சின்னத் திரையில் எழுத்தாக வரும். தன் பெயரை ரயிலில் பார்த்த அம்மா, அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகுதான் உட்கார்ந்தார். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் கல்லூரிப் பிள்ளைகளும் ஊருக்குப் போய்வருபவர்களும் பெட்டியை நிரப்பிவிடுவார்கள். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் அந்த நேரத்தைத் தவிருங்கள். டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் பெரிய ஆட்டம் இருக்கும் நாளும் அப்படித்தான். விடுமுறை வார இறுதிகளில் தண்டவாள வேலைக்காகப் பாதையை மூடி மாற்று பஸ் விடுவது வழக்கம். கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும்.

நகரத்துக்குள் லீப் கார்டு, அதாவது முன்பணம் போட்டுவைக்கும் பயண அட்டை, அவசியம். டப்ளினில் 2 யூரோவுக்கு 90 நிமிடம் வரை பஸ், டிராம், டார்ட் என்னும் கடலோர உள்ளூர் ரயில் எதில் மாறினாலும் அதே கட்டணம். கார்டு இல்லாமல் டப்ளின் பஸ்ஸில் ஏறினால் நாணயம்தான். நோட்டு செல்லாது, சில்லறையும் தர மாட்டார்கள். கார்க், கால்வே, லிமரிக் நகரப் பேருந்துகளிலும் இதே கார்டு ஓடும். டார்ட்டில் தெற்கே பிரே பக்கம் போனால் இடது ஜன்னல், வடக்கே ஹௌத் பக்கம் என்றால் வலது ஜன்னல்: கடல் அந்தப் பக்கம்.

பஸ்ஸில் எனக்குள்ள ஒரே தீராத குறை, செயலியில் "2 நிமிடம்" என்று காட்டிவிட்டு வராமலேயே காணாமல் போகும் வண்டிகள். ஒரு மழை மாலை, சின்ன ஊர் ஒன்றின் நிறுத்தத்தில் அப்படி ஒரு வண்டி திரையிலிருந்து மறைந்து, அடுத்ததற்காக ஒன்றரை மணி நேரம் நின்றோம். புகார் எழுதியும் அந்த நிறுவனத்திடமிருந்து பதில் வரவில்லை. அன்றிலிருந்து விமானம் பிடிக்கும் நாளில் முந்தைய வண்டியில் கிளம்பிவிடுவது என் வழக்கம். இன்னொன்று, நிறுத்தத்தில் சும்மா நின்றால் பஸ் நிற்காமல் போய்விடும். கை நீட்ட வேண்டும். பஸ் நிலையமும் ஒன்றல்ல. கால்வேயில் பஸ் ஏரான் வண்டிகள் கியான்ட் ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கும், தனியார் கோச்சுகள் பக்கத்துக் கோச் ஸ்டேஷனில். கார்க்கில் பஸ் ஏரான் பார்னல் பிளேஸில் என்றால், தனியார் கோச்சுகளுக்கு ஆற்றுக்கு அக்கரையில் செயின்ட் பாட்ரிக்ஸ் கீ என்ற ஆற்றங்கரைத் தெரு.

கார்க் போனவர்கள் கோவ் ஊரைத் தவற விடாதீர்கள். கென்ட் ஸ்டேஷனிலிருந்து உள்ளூர் ரயிலில் 25 நிமிடம், வழியில் தண்ணீரின் மேலாகவே தீவு தீவாகத் தாவிப் போகும். டைட்டானிக் 1912 ஏப்ரலில் கடைசியாக நின்ற துறைமுகம் இது. அப்போது பெயர் குயின்ஸ்டவுன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே கடற்கரை, மூட்டு வலிக்காரர்களுக்கு ஏற்ற ஊர். மேலே தேவாலயத்துக்கு ஏறுவதுதான் செங்குத்து. கில்லார்னிக்குப் பெரும்பாலும் மாலோவில் வண்டி மாற வேண்டும்; அங்கிருந்து டிங்கிள் போக டிராலி வரை ரயில், பிறகு பஸ்.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்கு கனலியிலிருந்து எண்டர்பிரைஸ் ரயில், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 2024 அக்டோபரிலிருந்து மணிக்கு ஒன்று என்று ஓடுகிறது, இறங்குமிடம் புது கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன். டிராஹெடாவில் பாயின் ஆற்றின் மேல் உயரப் பாலம் வரும்போது போனைத் தயாராக வைத்திருங்கள். எல்லையில் வண்டி நிற்காது, பலகை கூடக் கண்ணில் படாது. ஆனால் இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு அந்தப் பக்கம் பிரிட்டன், விசா வேண்டும். இந்தியாவிலிருந்து குறுகிய காலச் சுற்றுலா விசா எடுப்பவர்கள் அதில் "பிஐவிஎஸ்" (BIVS, பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு விசாத் திட்டம்) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அயர்லாந்து விசாவிலேயே போகலாம். இங்கே வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வசதி இல்லை, தனியாக பிரிட்டன் விசா எடுத்தாக வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். எல்லைக்கருகே போலீசார் பஸ்ஸில் ஏறிப் பாஸ்போர்ட் பார்ப்பதுண்டு. அந்தப் பக்கம் யூரோவுக்குப் பதில் பவுண்டு, லீப் கார்டும் வேலை செய்யாது.

பொதுப் போக்குவரத்தில் நான் கைவிட்ட இடங்களும் உண்டு. டொனிகால் மாவட்டத்தில் ரயிலே கிடையாது. ஸ்லைகோ வரை போய் பஸ் பிடித்து டொனிகால் டவுனைப் பார்க்கலாம், ஸ்லீவ் லீக் மலைமுகடு போன்றவற்றுக்கு நேரம் கூடிவராது. கானமாராவில் கிளிஃப்டன் வரை கால்வேயிலிருந்து பஸ் இருக்கிறது. கைல்மோர் அபே என்ற மடாலயத்தையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் கால்வேயில் காலையில் கிளம்பும் ஒரு நாள் டூர் கோச்சில் காசைக் கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் என்றால் டப்ளின், கால்வே, கார்க் மூன்றிலும் தங்கினால் போதும், பெல்ஃபாஸ்டை டப்ளினிலிருந்தே ஒரு நாளில் போய்வரலாம். ஜூலைக் கடைசியில் கால்வே குதிரைப் பந்தய வாரத்தில் அறை வாடகை கண்ணைக் கட்டும். டிசம்பர் 25 அன்று ரயில் அறவே கிடையாது, மறுநாளும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அந்த இரண்டு நாளுக்கும் நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்து, அரிசி பருப்பு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.