லீவு வெயிலில் தெரியவரும் வெளிறிய தடம்: மட்டக்களப்பில் எங்கே, எப்படிக் காட்டுவது

ஆகஸ்ட் லீவுக்கு வந்து பாசிக்குடாவில் நாலு நாள் குளித்தால் பிள்ளையின் தோல் கறுத்துவிடும். நிறமி குறைந்த பிறவி மச்சம் அந்த அளவுக்குக் கறுக்காது. அதனால் இவ்வளவு காலமும் கண்ணில் படாத தடம் புதிதாக வந்ததுபோல் தெரியும். யாராவது "வெண்குட்டமோ?" என்று கேட்டுவிட்டால் தாய்க்கு அன்றிரவு நித்திரை இல்லை.

முதலில் பிள்ளையின் பழைய படங்களைத் தேடுங்கள். பிறந்தபோதோ 3 வயதுக்குள்ளோ அதே இடத்தில் இருந்து, உடம்போடு சேர்ந்து மட்டும் பெருத்திருந்தால் அநேகமாக அது பிறவி மச்சம்தான். கிழித்த கடதாசிபோல ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும், செதில் உதிராது. வெண்குட்டம் பெரும்பாலும் பிறகு வருவது, சுண்ணாம்பு வெள்ளை, பரவக்கூடியது.

வெளிறிய பிறவி மச்சத்தின் இன்னொரு வகையில் நிறமி சரியாகவே இருக்கும். அவ்விடத்து இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கிடப்பதால் வெளிறித் தெரியும். கண்ணாடிக் குவளையின் அடியை ஓரத்தில் வைத்து அழுத்தினால் சுற்றியுள்ள தோலும் வெளிறி, எல்லை மறைந்துவிடும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காட்டுவதென்றால் காலையிலேயே ஓபிடியில் துண்டெடுங்கள். அங்கிருந்து தோல் கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள். பழைய படங்களும், பூசிய கிரீம்களின் வெற்று டியூப்களும் கையில் இருக்கட்டும். வூட்ஸ் விளக்கில் (தோலைப் பார்க்கும் புற ஊதா விளக்கு) பார்க்கலாமா என்று கேளுங்கள்: இருட்டறையில் வெண்குட்டம் பளிச்சென்று ஒளிரும், நிறமி குறைந்த மச்சம் மங்கலாகவே தெரியும், இரத்தக் குழாய் வகையில் மாற்றமே இராது. பஞ்சால் தொட்டு உணர்ச்சி பார்த்தால் மனம் நோகவேண்டாம். தொழுநோய் கிழக்கில் இன்னும் இருக்கிறது, அதைப் பார்க்காமல் விடுவதுதான் பிழை. சிறுபிள்ளைகளில் தொடக்கத் தடத்தில் உணர்ச்சி குறையாமலும் இருக்கும் என்பதால் வீட்டுப் பஞ்சுச் சோதனையை நம்பி இருந்துவிடாதீர்கள்.

கெடுப்பது அவசர வைத்தியம்தான். பாமசியில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்ட் கிரீம் தோலை மெலிய வைக்கும், இன்னும் வெளிறவும் வைக்கும். வெண்தடத்துக்கென்று நாட்டு வைத்தியத்தில் கொடுக்கும் கார்போகரிசி எண்ணெய் பூசி வெயிலில் நின்றால் கொப்புளமே போடும்.

5 மில்லிமீற்றருக்குக் குறையாத தடங்கள் மூன்றோ கூடவோ இருந்தால் குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள். கூடவே வலிப்பும் வந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். நரம்பையும் பாதிக்கும் பரம்பரை நோயொன்று இப்படித்தான் தலைகாட்டும்.

பிறவி மச்சம்தான் என்று வைத்தியர் உறுதிசெய்தால் மருந்து தேவையில்லை. தடத்துக்கும் சுற்றுத் தோலுக்கும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன், 2 மணிக்கொரு தடவை, கடலில் குளித்து ஏறியதும் மறுபடி. சுற்றுத் தோல் கறுக்காவிட்டால் தடமும் எடுப்பாகத் தெரியாது.