மடத்தை விட்டுப் பிரியாத கல்விக்கூடம்: மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம்

அமெரிக்காவில் கத்தோலிக்கத் துறவற சபைகள் நிறுவிய தனியார் பல்கலைக்கழகங்கள் பல இருந்தாலும், இளநிலைப் பருவத்தில் இலக்கியம், மெய்யியல், அறிவியல், இறையியல் ஆகியவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி நிதானமாகக் கற்க விரும்புவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது காலேஜ்வில்லில் உள்ள செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தையே.

1857இல் பெனடிக்டின் சபைத் துறவிகள் தொடங்கிய இந்நிறுவனத்தின் இயல்பை அறிய, அவர்களுடைய வார்த்தைப்பாடுகளில், அதாவது துறவு உறுதிமொழிகளில், ஒன்றை அறிந்தால் போதும்: சேர்ந்த மடத்திலேயே இறுதிவரை நிலைத்திருப்பது. காடும் ஏரியும் சூழ்ந்த ஒரே நிலத்தில் மடமும் வகுப்பறைகளும் கல்லறைத் தோட்டமும் அமைந்திருப்பதால், தமக்குப் பாடம் நடத்திய துறவி முதுமையிலும் அங்கேயே வாழ்வதை மாணவர்கள் நேரில் காண்கிறார்கள். இதற்கு ஈடான பாடத்திட்டம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கட்டடக் கலைஞர் மார்செல் பிராயர் வடிவமைத்து 1961இல் நிறைவுற்ற மடத்துக் கோயில், மணிகளைத் தாங்கி நிற்கும் அகன்ற கான்கிரீட் பலகையையும் தேன்கூடு போன்ற அறுகோணக் கண்ணாடிச் சுவரையும் கொண்டது. மக்கள் பலிபீடத்தைச் சூழ்ந்து பங்கேற்கும்படி அமைந்த இக்கோயில், வழிபாட்டில் மக்களின் பங்கேற்பை வலியுறுத்திய கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) கூடுவதற்கு முன்பே எழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1926இல் இம்மடத்துத் துறவி விர்ஜில் மைக்கேல் திருவழிபாட்டுப் புதுப்பித்தலுக்கென இதழ் தொடங்கிய காலத்திலிருந்தே அந்தச் சிந்தனை இங்கு வேரூன்றியிருந்தது.

ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது இங்குள்ள ‘ஹில் அருங்காட்சியகம் மற்றும் கையெழுத்துச் சுவடி நூலகம்’ என்ற நிறுவனம்தான். இரண்டாம் உலகப் போரின் அழிவை நினைவில் கொண்டு, 1965இல் ஆஸ்திரிய மடங்களின் சுவடிகளை நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுக்கத் தொடங்கிய பணி, பின்னர் எத்தியோப்பியா, ஈராக், மாலி எனப் பரந்து, இஸ்லாமியச் சுவடிகளையும் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழகமும் மடமும் 1998இல் பணித்து, எழுத்துக்கலைஞர் டொனால்ட் ஜாக்சன் தலைமையில் கன்றுத்தோலில் இறகுப் பேனாவால் எழுதப்பட்டு 2011இல் முடிந்த ஏழு தொகுதித் திருவிவிலியமும் இங்குள்ளது. அச்சு இயந்திரம் வந்து ஐந்து நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் ஒரு நூலுக்காகப் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்த பொறுமையே இந்நிறுவனத்தின் குணம் என்பேன்.

குறைகளும் சிறியவை அல்ல. சிறார்களுக்கு எதிரான பாலியல் வன்கொடுமை தொடர்பாக, நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளுக்கு உள்ளான துறவிகளின் பெயர்களை மடமே 2013இல் வெளியிட நேர்ந்தது. வரலாற்றைப் பாராட்டுபவர் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் இளநிலைக் கல்லூரி ஆண்களுக்கானது. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள செயின்ட் பெனடிக்ட் மகளிர் கல்லூரியுடன் வகுப்புகளைப் பகிர்ந்துகொள்கிறது. மினசோட்டாவின் நீண்ட குளிரையும் நகரத்திலிருந்து விலகிய வாழ்க்கையையும் ஏற்க இயலாதவர் சேரும் முன் நன்கு யோசிக்கட்டும்.

நேரில் செல்ல இயலாதோர், கேரளத்துச் சிரியாக் மொழிச் சுவடிகள் உட்பட நூலகம் மின்னாக்கம் செய்தவற்றை இணையத்தில் இலவசமாகப் பதிவு செய்து பார்க்கலாம்.