தண்டையார்பேட்டை வீட்டில் இரண்டு பெரிய ஹெட்போன்கள்: ஐந்து ஆண்டு அனுபவம்

தண்டையார்பேட்டையில் முதல் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில், தெருவைப் பார்த்த அறையில் அமர்ந்துதான் நான் பாட்டுக் கேட்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பம் குடியிருக்கிறது. உள்ளறையில் குழந்தை தூங்குகிறது. ஸ்பீக்கர் வைத்துக் கேட்பதற்கு வழியில்லாததால், காதை முழுவதுமாக மூடும் பெரிய ஹெட்போன்களையே நம்பியிருக்கிறேன். ஐந்து ஆண்டுகளாக சென்ஹைசர் எச்டி 600, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஆகிய இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். முன்னது ஓபன் பேக், அதாவது காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் திறந்த வகை; மின்தடை 300 ஓம். பின்னது க்ளோஸ்டு பேக், அதாவது வெளிப்புறம் மூடிய வகை; என்னிடம் இருப்பது 80 ஓம் வகை. இரண்டுமே முந்நூறு கிராமுக்குக் குறைவான எடை கொண்டவை என்பதால், தலைக்குப் பாரமாக இருப்பதாக ஒரு நாளும் தோன்றியதில்லை.

எச்டி 600 வெளிவந்தது 1997-ல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது விற்பனையில் இருப்பதன் காரணம், ஒரு நல்ல வாய்ப்பாட்டுக் கச்சேரிப் பதிவை அதில் கேட்டால் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். பாடகரின் குரல் எந்த மினுக்கும் இல்லாமல் இயல்பாக ஒலிக்கிறது. குரலுக்குப் பின்னால் தம்புராவின் நான்கு தந்திகளும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. வயலின் குரலைத் தொடரும்போது இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிகூடத் தெரிகிறது. கிண்ணத்தின் வெளிப்புறம் வெறும் கம்பி வலை என்பதால் ஒலி உள்ளேயே அடைபட்டு எதிரொலிப்பதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் துல்லியமாக வருகின்றன. இடப்பக்கமான தொப்பியின் ஆழமான கும்கி ஒலி மட்டும் சற்று மெலிந்து ஒலிக்கும். மிகத் தாழ்ந்த ஒலிகள் ஓபன் பேக் அமைப்பில் இப்படிக் குறைவது இயல்புதான்.

ஆனால் இத்தனையும் இரவு பதினொரு மணிக்கு மேல்தான். பகலில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், ஷேர் ஆட்டோக்களின் ஹாரன், கொருக்குப்பேட்டைப் பக்கத்துச் சரக்கு ரயில், ஆடி மாதமானால் அம்மன் கோயில் ஒலிபெருக்கி என எல்லாமே அந்த வலை வழியாகத் தடையின்றி உள்ளே வந்துவிடும். இதில் மிகவும் கெடுதல் செய்வது லாரி எஞ்சினின் உறுமல். தொப்பியும் பேஸ் கிட்டாரும் ஒலிக்கும் அதே தாழ்ந்த பகுதியில்தான் அந்த உறுமலும் இருப்பதால், முதலில் காணாமல் போவது அவைதான். நாமும் அறியாமலேயே ஒலியைக் கூட்டிக்கொண்டு போவோம். என் ஆம்ப்ளிஃபயரின் குமிழ் இரவில் நிற்கும் இடத்தையும் பகலில் நிற்கும் இடத்தையும் ஒரு வாரம் கவனித்துப் பார்த்தபோது, இரண்டுக்கும் கால் சுற்று வித்தியாசம் இருந்தது எனக்குக் கவலையளித்தது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 90 டெசிபலில் கேட்டால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம்தான். கெட்ட செவி திரும்ப வராது என்பதால், இந்தக் கணக்கை ஹெட்போன் வாங்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டிடி 770 ப்ரோ வெளிச் சத்தத்தைச் சுமார் 18 டெசிபல் குறைப்பதாக அதைத் தயாரிப்பவர்கள் குறிப்பிடுகிறார்கள். பேச்சுக் குரல், ஹாரன், மிக்ஸி ஆகியவை அதில் நன்றாகவே அடங்குகின்றன. தாழ்ந்த உறுமலைக் காதைச் சுற்றி அமரும் எந்த மெத்தையாலும் முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் இந்த ஹெட்போனின் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, இயல்பிலேயே சற்றுத் தூக்கலாக இருப்பதால் அந்தக் குறை ஈடாகிவிடுகிறது. டோலக்கும் குரலும் முன்னால் நிற்கும் கானாப் பாட்டுகளை நான் இதில்தான் கேட்பேன். கண்ணாடி அணிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மெத்தைக்கும் தலைக்கும் நடுவே கண்ணாடியின் கம்பி வரும் இடத்தில் காற்று கசிந்து பேஸ் இறங்கிவிடும். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டே கேட்கிறேன். இதன் உச்ச ஒலிகள் கூர்மையானவை. நாதஸ்வரத்தையும், ‘ஸ்’ ஒலி மிகுந்த பெண் குரல்களையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டால் என் காது களைத்துப் போகிறது. ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்தப் பகுதியை மூன்று நான்கு டெசிபல் இறக்கிய பிறகே நீண்ட நேரம் கேட்க முடிந்தது.

எங்கள் பகுதிக்கு மிக முக்கியமானது மெத்தை. இவற்றுக்கு முன்பு நான் வைத்திருந்த வேறொரு ஹெட்போனின் ரெக்சின் மெத்தை, வியர்வையிலும் காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றிலும் இரண்டாவது கோடையிலேயே உரிந்து, கறுப்புத் துகள்களாகக் காதில் ஒட்ட ஆரம்பித்துவிட்டது. இப்போதுள்ள இரண்டிலும் வெல்வெட் போன்ற துணி மெத்தைகள். சித்திரை வெயிலில் க்ளோஸ்டு பேக்கை மாட்டினால் வியர்க்கத்தான் செய்யும், ஆனால் பிசுபிசுக்காது. வருடங்கள் போகப்போக மெத்தை அமுங்கி, உள்ளே இருக்கும் ஒலிப்பானுக்கும் காதுக்கும் உள்ள தூரம் குறைவதால் ஒலியே மாறிவிடுகிறது. அந்த மாற்றம் மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை; எச்டி 600-க்குப் புது மெத்தை போட்ட அன்றுதான் இடையில் எவ்வளவு மாறியிருந்தது என்பது எனக்குப் புரிந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் இரண்டையும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடியுள்ள டப்பாவில் வைத்துவிடுகிறேன்.

எச்டி 600-ன் ஒயரை இரண்டு பக்கமும் கழற்றி மாற்றலாம். டிடி 770 ப்ரோவின் ஒயர் உடலோடு இணைந்தது, ஆகவே நாற்காலிச் சக்கரத்தின் அருகே அதை விடக் கூடாது. 300 ஓம் ஹெட்போனுக்கு அதிக வோல்டேஜ் தேவை என்பதால் பெரும்பாலான கைபேசிகளில் அது அடங்கியே ஒலிக்கும். ஆம்ப்ளிஃபயரின் விலையையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். எர்த் இணைப்புச் சரியில்லாத பழைய வீடுகளில் லேப்டாப் சார்ஜர் வழியாக ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வரக்கூடும். எங்கள் வீட்டில் சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றது. பிறகு எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்துகொண்டோம்.

வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் சித்தப்பா மகன், ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்கலாம் அண்ணா என்று சென்ற மாதம் கேட்டான். அவன் வீடு மார்க்கெட் தெருவில் இருக்கிறது, இரவு ஒன்பதரைக்கே படுத்துவிடுவான். டிடி 770 ப்ரோவை வாங்கச் சொன்னேன். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் மட்டும் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். எச்டி 600-ஐ ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு என் வீட்டுக்கு வந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறான்.