ஹெச்டி-2 முதல் ஏஎன்-32 வரை: 28 வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

கார் வாங்கியவரிடம் மைலேஜ் கேட்பார்கள். விமானப் படையில் இருந்தவன் என்று தெரிந்தால் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எது சார் பெஸ்ட்?" மிக்-21 போர் விமானம் என்று சொல்வேன் என்ற எதிர்பார்ப்பு முகத்திலேயே எழுதியிருக்கும். பதில் அது இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாற்றம். அதனால் ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. இவற்றில் எதையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை, காசு கொடுத்து வாங்கவும் இல்லை. காலையில் ஃபார்ம் 700-ல் (விமானத்தின் பராமரிப்புப் பதிவேடு) கையெழுத்துப் போட்டால் அந்த ஏர்கிராஃப்ட் என் பொறுப்பு. இறங்கி வந்து இன்னொரு கையெழுத்துப் போட்டால் கணக்கு முடிந்தது. வேகம், உயரம், ஆயுதம் பற்றியெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: நான் தப்பு செய்யப்போகிறேன் என்றால், அதற்கு முன்னால் அது எனக்குச் சொல்கிறதா? சொல்லும் என்றால் நல்ல ஏர்கிராஃப்ட். எனக்கு அவ்வளவுதான் அளவுகோல்.

1979-ல் பீதரில் ஹெச்டி-2. நம் நாட்டிலேயே வடிவமைத்து 1951-ல் முதன்முதலாகப் பறந்த பயிற்சி விமானம். 155 குதிரைத்திறன், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, வாலில் ஒரு சின்னச் சக்கரம். வானத்தில் சாது. கையை விட்டாலும் கோபித்துக்கொள்ளாது. தரையில்தான் வில்லத்தனம். வால் சக்கர விமானத்தில் எடை முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இறங்கி ஓடும்போது மூக்கு லேசாகத் திரும்பினாலும் போதும், பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். நின்று முடிக்கும்வரை இரண்டு காலும் ரடர் பெடலில் (மூக்கை இடம் வலம் திருப்பும் மிதி) ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு நாள் லேசான பக்கக் காற்று. நான் நன்றாக இறங்கிவிட்டதாக நினைத்து மனசுக்குள் என்னையே பாராட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பாராட்டு முடிவதற்குள் ஏர்கிராஃப்ட் சுற்றிக்கொண்டு, வந்த திசையைப் பார்த்து நின்றது. இறக்கை நுனியில் புல் ஒட்டியிருந்தது. என் இன்ஸ்ட்ரக்டர் கத்தவில்லை. இறங்கச் சொன்னார், புல்லில் டயர் போன தடத்தின் கூடவே நடக்க வைத்தார். நேராக வந்த தடம் ஓரிடத்தில் வளையத் தொடங்கியிருந்தது. ஷூ முனையால் அந்த இடத்தைத் தொட்டு, "இங்கேதான் உன் கால் தூங்கிவிட்டது" என்றார். அதற்குப் பிறகு எந்த விமானத்திலும் நிற்கும்வரை என் கால் தூங்கவில்லை.

அடுத்து துண்டிகலில் கிரண், ஜெட் பயிற்சி விமானம். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதன் பெருமை. பக்கத்துப் பக்கத்து இருக்கை என்பதால் ஆசிரியருக்கு உங்கள் கையும் தெரியும், மூச்சு வாங்குவதும் கேட்கும். வேகம் குறைந்தால் ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) வருவதற்கு முன் உடம்பெல்லாம் நடுங்கிக் காட்டும். ஸ்பின்னில் (சுழன்றுகொண்டே விழுவது) போட்டால் போகும், வா என்றால் வெளியே வரும். ஒரே சிக்கல், த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் லீவர்) தள்ளிய பிறகு இன்ஜின் வேகம் பிடிக்கச் சில நொடிகள் எடுக்கும். ஜெட் என்றால் என்ன என்று முதன்முதலில் புரிந்தது அந்த நொடிகளில்தான்: தேவைப்படும்போது கேட்டால் கிடைக்காது, தேவைப்படும் முன்னாலேயே கேட்டு வைக்க வேண்டும். விமானப் படையின் சூரியகிரண் சாகசக் குழு 1996 முதல் 2011 வரை பறந்து காட்டியதும் கிரணில்தான் (அவர்களுடையது மார்க் 2, நான் ஓட்டியது அதைவிடச் சோப்ளாங்கியான மார்க் 1).

அடுத்து கலைகுண்டாவில் ஹன்டர். 1957-லிருந்து நம் படையில் இருந்த பிரிட்டிஷ் போர் விமானம். 1971 டிசம்பரில் லோங்கேவாலா பாலைவனத்தில் டாங்கிகளை வேட்டையாடியது இதுதான். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. டிஸ்பர்சலில் (விமானங்கள் நிறுத்தும் இடம்) நிற்கும்போதே பறப்பது மாதிரி இருக்கும். நான்கு 30 மில்லிமீட்டர் பீரங்கிகளையும் சேர்த்துச் சுட்டால் காக்பிட்டுக்குள் வெடிமருந்து வாசனை ஏறும், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல வேகம் குறையும். ஹைட்ராலிக் இருக்கும்வரை இரண்டு விரலில் ஓட்டலாம். அது போய்விட்டால் மேனுவல். பவர் ஸ்டியரிங் போன லாரி மாதிரி, இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டும். அதை வேண்டுமென்றே அணைத்துவிட்டு இறங்கிப் பழக வைத்தார்கள். தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. ஆனால் மேனுவலிலும் ஹன்டர் நேர்மையாகவே நடந்துகொண்டது. கனமாக இருக்கும், பொய் சொல்லாது.

இனி மிக்-21. பொறுமையாக எழுத வேண்டிய இடம் இது.

ஹன்டரிலிருந்து வந்தவனுக்கு முதல் அதிர்ச்சி வேகம் இல்லை, டயல்தான். நாட் கணக்கில் பழகிய கண்ணுக்கு மணிக்குக் கிலோமீட்டர். அதாவது பரவாயில்லை, எண்தானே. செயற்கை அடிவானம் (விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி) இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். பிரிட்டிஷ் கருவியில் குட்டி விமானப் படம் அசையாது, பின்னால் அடிவானக் கோடு சாயும். ரஷ்யக் கருவியில் சாய்வைக் காட்ட அந்தக் குட்டி விமானமே சாயும். வெயிலில், வெளியே பார்த்து ஓட்டும்போது இரண்டும் ஒன்றுதான். மேகத்துக்குள் போனதும் பழைய பழக்கம் கையில் ஏறிக்கொள்ளும். மிக்-21-இன் இரண்டு இருக்கை வடிவமான டைப் 69 பயிற்சி விமானத்தில், வெளியே தெரியாமல் திரை போட்டு ஓட்டிய முதல் சார்ட்டியில் (ஒரு முறை பறந்து இறங்குவது) படம் இடது பக்கம் சாய்ந்தது. நான் திருத்துவதாக நினைத்துக்கொண்டு ஸ்டிக்கை இன்னும் இடது பக்கமே தள்ளினேன். படம் மேலும் சாய்ந்தது. நான் மேலும் தள்ளினேன். பின்னாலிருந்து "கையை எடு" என்று குரல் வந்தது. அவ்வளவு அமைதியான குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அன்றிரவு மெஸ் அறையில் காகிதத்தில் இரண்டு டயலையும் வரைந்து வைத்துக்கொண்டு பென்சிலைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பழையதை மறப்பது புதியதைக் கற்பதைவிடக் கஷ்டம் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

எரிபொருள் கேஜ் இன்னொரு வேடிக்கை. அது டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்காது. இன்ஜினுக்குப் போவதைக் கணக்கிட்டுக் கழித்துக்கொண்டே வரும். தொடக்க எண்ணை நாம்தான் வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் தப்பிலிருந்து சரியாகக் கழிக்கும். ரீஹீட் (கூடுதல் உந்துதலுக்கு இன்ஜின் பின்பக்கத்திலும் எரிபொருள் எரிப்பது) போட்டால் முள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அதனால் எங்களுக்கெல்லாம் கேஜைவிடக் கைக்கடிகாரத்தின் மேல்தான் நம்பிக்கை. ஒரு சார்ட்டி என்பது பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிற சமாச்சாரம்.

முக்கோண இறக்கை ஸ்டால் ஆகும்போது கிரண் மாதிரி நாடகம் போடாது. மூக்கைத் தூக்கியபடி அப்படியே இறங்கும். மேலே உயரத்தில் இது தொல்லை இல்லை. ரன்வேக்கு முன்னால் என்றால் தொல்லை. த்ராட்டிலைக் கொஞ்சம் கூடுதலாகக் குறைத்தால் கல் மாதிரி விழும். ஆகவே இன்ஜின் சக்தியோடேயே இறங்க வேண்டும். தரை தொடும்போது வேகம் 300 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். தொட்டதும் வால் பாராசூட் விரிந்து முதுகை சீட்பெல்ட்டோடு ஒரு இழு இழுக்கும். அந்த இழுப்புக்காகக் காத்திருக்கும் ஒரு நொடிதான் மிக்-21.

ஒரு நாள் பட்டனை அழுத்தினேன், அந்த இழுப்பு வரவில்லை. ரன்வேயில் பாதி போய்விட்டது. பிரேக் ஸ்டிக்கில் இருக்கும் லீவரில். காற்றழுத்தத்தில் வேலை செய்வது, ஒவ்வொரு முறை அழுத்திவிடும்போதும் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். நிரப்பிக்கொண்டு வந்த காற்று தீர்ந்தால் பிரேக்கும் தீர்ந்தது. எண்ணி எண்ணி அழுத்தினேன். ஒவ்வொரு உஸ்ஸுக்கும் கையிருப்பிலிருந்து காசு எடுத்துக் கொடுப்பது போல இருந்தது. கடைசியில் தடுப்பு வலைக்கு முன்னால் நின்றது, வலையின் முடிச்சுகளை எண்ணலாம் என்கிற தூரத்தில். ஓடி வந்த டெக்னீஷியன்கள் பக்கவாட்டில் நெருங்காமல் மூக்குக்கு நேராக வந்தார்கள். சூடான சக்கரம் வெடித்தால் பக்கவாட்டில்தான் சிதறும். அவர்களில் மூத்தவர் ஏணியை மாட்டிவிட்டு என் வலது கையைப் பார்த்தார். நான் இன்னும் லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

'பறக்கும் சவப்பெட்டி' என்ற பெயரைப் பற்றிக் கேட்பீர்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது, ஆனால் ஏன் வந்தது என்று தெரியும். என்னுடன் சாப்பிட்டவர்கள், என்னோடு ஒரே அறையில் இருந்தவர்கள் சிலர் திரும்பி வரவில்லை. எனக்கு இடையில் ஹன்டர் கிடைத்தது. பிறகு வந்த பையன்களில் பலர் கிரணில் இருந்து நேராக மிக்-21-க்குப் போனார்கள். படிக்கட்டில் நடுப்படி இல்லை. இடைநிலை ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்ற பேச்சு 1980-களிலேயே இருந்தது. அந்த வகை விமானமான ஹாக் வந்து சேர்ந்தது 2008-ல். மெஷின் மேல் மட்டும் பழி போடுகிறவர்கள் இந்த இரண்டு காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். அதே சமயம் மெஷின் கெட்டிக்காரனுக்கு மட்டும் நல்லது என்பதையும் நான் மறைக்க மாட்டேன். அது எல்லாவற்றையும் சொல்லும். ஆனால் தாழ்ந்த குரலில், ஒரே ஒரு தடவை.

1989-ல் முதுகெலும்பு சொல்லிவிட்டது. மெடிக்கல் போர்டு, எக்ஸ்ரே, இன்னொரு போர்டு. ஈஜெக்‌ஷன் சீட் இருக்கும் எதிலும் இனி உட்காரக்கூடாது என்றார்கள். ஃபைட்டர்காரன் ட்ரான்ஸ்போர்ட்டுக்குப் போவது எங்களுக்குள் ஒரு கேலி: "லாரி ஓட்டப் போறியா?" நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் மாதம் ஏஎன்-32 சரக்கு விமானம் இறங்கி ஓடும்போதெல்லாம் என் விரல்கள் கன்ட்ரோலில் இல்லாத பிரேக் லீவரைத் தேடின. இதில் பிரேக் காலில். பக்கத்து சீட்டுக்காரர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இந்த விமானம் நமக்காகவே ஆனது. சூடான, உயரமான தளங்களுக்கென்று பழைய ஆன்டனோவ் உடம்பில் ஒவ்வொன்றும் 5,000 குதிரைத்திறனுக்கு மேலான இரண்டு இன்ஜின்களை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். 1984-ல் படைக்கு வந்தது. பின்கதவு கீழே இறங்கிச் சாய்தளமாகவும் ஆகும், தேவையென்றால் வயிற்றுக்கு அடியில் நழுவி ஒதுங்கவும் செய்யும். லாரியைப் பின்னால் கொண்டுவந்து நேராகச் சரக்கைத் தள்ளலாம். இதை யோசித்தவருக்கு நான் ஒரு சல்யூட் பாக்கி வைத்திருக்கிறேன்.

குறைகள்? சத்தம். சத்தம். மறுபடியும் சத்தம். ஹெட்செட்டைத் தாண்டி எலும்பு வழியாகக் காதுக்குள் போகும். வெயில் காலத்தில் தரையில் அடுப்பு, மேலே போனால் ஐஸ் பெட்டி. என் இடது காதில் உச்சஸ்தாயி போய் வெகுநாள் ஆகிறது.

சண்டிகரிலிருந்து லே. கடல் மட்டத்திலிருந்து 10,682 அடி. விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். முற்பகல் தாண்டினால் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடும், வெயில் ஏறினால் ஏற்கெனவே மெலிந்த காற்று இன்னும் மெலியும். அந்த உயரத்தில் டயல் காட்டும் வேகத்தைவிட உண்மையான வேகம் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். டயல் வழக்கமான எண்ணையே காட்டும், ரன்வே மட்டும் வழக்கத்தைவிட வேகமாக எதிரே வரும். கண் 'அதிகம், குறை' என்று கெஞ்சும். கண்ணை நம்பினால் கெட்டீர்கள். புதுப் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான்: "லேயில் கண்ணுக்கு லஞ்சம் கொடுக்காதே, டயலைப் பார்."

அங்கிருந்து சியாச்சின் பக்கம் பொருள் போடுவது தனி வித்தை. கதவு திறந்து, ஆக்சிஜன் மாஸ்க்கோடு, பனிக்கு நடுவே ஒரு சின்னத் திட்டைக் குறிவைத்துப் போவோம். மணி அடித்துப் பச்சை விளக்கு எரிந்ததும் பின்னால் பாரம் உருளத் தொடங்கும். அது வால் பக்கம் போகும்போது மூக்கு மெல்ல மேலே எழும். கன்ட்ரோலில் அந்த எடை நகர்வதை உள்ளங்கையில் உணரலாம், இப்போது நடுவில், இப்போது கதவோரம், இப்போது போய்விட்டது. திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

இந்த விமானத்தை நான் முதலிடத்தில் வைப்பதற்கு ஒரு காலைதான் காரணம். லடாக்கில் இருக்கும் தோய்ஸ் தளத்தில் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். எல்லா முள்ளும் பச்சையில். ஃப்ளைட் இன்ஜினியர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஹெட்செட்டின் ஒரு பக்கத்தைக் கழற்றித் தலையைச் சாய்த்தார். "சார், வலது பக்கம் பேச்சு மாறுது." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருக்கை வழியாக ஏதோ ஓர் அதிர்வு, இருக்கிறது என்றால் இருக்கிறது. இரண்டு நிமிடம் கழித்து எண்ணெய் அழுத்த முள் அசைந்தது. அதற்குள் நேவிகேட்டர் தாழ்வான பள்ளத்தாக்கு வழியை மேப்பில் விரலால் பிடித்து வைத்திருந்தார். இன்ஜினை நிறுத்தினோம், ப்ரொப்பெல்லர் இதழ்கள் காற்றுக்கு நேராகத் திரும்பி அசையாமல் நின்றன. பாரம் இல்லாததால் மெதுவாகத்தான் உயரம் இழந்தோம். இரண்டு பக்கமும் மலை நம்மைவிட உயரமாக நிற்கும்போது அந்த 'மெதுவாக' எவ்வளவு பெரிய சொல் என்று தெரியும். சண்டிகரில் ஒற்றை இன்ஜினில் இறங்கினோம். முள் சொல்வதற்கு முன்னாலேயே சொன்ன விமானம் அது. கேட்கத் தெரிந்த ஆள் கூட இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஃபைட்டரில் அந்த இரண்டாவது காது கிடையாது.

கடைசி சில வருடங்கள் ஆவ்ரோ, பயணிகள் விமானம். டார்ட் இன்ஜின்களின் விசில் சத்தம், நல்ல இருக்கை, இஸ்திரி கலையாத பயணிகள். குறை சொல்ல எதுவும் இல்லாததால் நினைவிலும் அதிகம் நிற்கவில்லை.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-க்கு விடை கொடுத்ததை டிவியில் பார்த்தேன். 1963-ல் வந்தது, 62 வருடம். தண்ணீர் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். காதுக் கருவியை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். சக்கரம் தரை தொட்டது, பாராசூட் விரிந்தது. என்ன அது, ரிமோட்டை இப்படிப் போட்டு நெரிக்கிறீர்கள் என்றாள் மனைவி. பேட்டரி மூடி கழன்று சோஃபாவுக்கு அடியில் போயிருந்தது.